மூன்றாவது செல்

நான்காவது பேட்டரியின் மூன்றாவது செல் கொதித்துக்கொண்டிருந்தது. அது கொதிக்கக் கூடாது.

மதியம்தான் அவன் அதைச் சோதித்துப் பார்த்திருந்தான். ஒரு கார் பேட்டரிக்குள் ஆறு செல், ஆறுக்கும் தனித்தனி மூடி. கண்ணாடிக் குழாயை ஒவ்வொன்றிலும் விட்டு ஆசிட்டை உறிஞ்சியபோது ஐந்தில் குழாய்க்குள்ளிருந்த மிதவை ஓரளவு மேலே வந்தது. மூன்றாவதில் மட்டும் எழவே இல்லை. உள்ளே தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பேட்டரி பழுதுபார்க்கிற தொழிலில் அதற்குப் பெயர் செத்த செல். சார்ஜ் ஏற்றினால் மற்றவை சாயங்காலத்துக்குள் குமிழி விடத் தொடங்கும். செத்தது மட்டும் மூடிவைத்த கிணறு மாதிரி சலனமில்லாமல் கிடக்கும். இருபது வருடத்தில் அது மாறி அவன் பார்த்ததில்லை.

கொட்டகையில் எப்போதும் இருக்கும் மணம்தான் இருந்தது. ஆசிட்டின் காரம், சூடேறிய கம்பிச் சுருளின் எண்ணெய் வாடை, அதற்கும் கீழே அழுகிய முட்டையின் மெல்லிய நாற்றம். சுவரில் மாட்டிய சார்ஜர், வாய் திறக்காமல் ஒருவர் முனகிக்கொண்டே இருப்பதுபோல உறுமியது. பலகைமேல் பத்துப் பேட்டரிகள், அறுபது துளைகள், அறுபதிலிருந்தும் விதவிதமான சத்தங்கள். அவன் மீட்டரை அவ்வளவாக நம்புகிறவன் அல்ல. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, வரிசை நெடுகக் குனிந்து, ஒவ்வொரு துளைக்கும் காதைக் கொடுத்துக் கேட்பான். நல்ல செல் சீராகக் கொதிக்கும். பலவீனமானது விட்டுவிட்டு விக்கும். கேட்டதும் சொல்லிவிடுவான், இது இன்னும் ஒரு வருஷம் ஓடும், இது அடுத்த மழைக்குத் தாங்காது என்று.

மூன்றாவது செல் சீராகவும் கொதிக்கவில்லை, விக்கவும் இல்லை. இரண்டு குமிழி, ஒரு இடைவெளி. பிறகு மூன்று. மூச்சு வாங்குவதுபோல. அவன் இன்னும் குனிந்தான்.

"வெந்துடுச்சா?" என்றது செல்.

அவன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அது நின்றுவிடும் என்று ஏனோ தோன்றியது. கன்னத்தில் ஆசிட் தூவானம் சுரீரென்று பட்டது. பிறகு வெறும் கொதிப்புதான். வெகுநேரம் வெறும் கொதிப்பு மட்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்க உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். மூத்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் பலகைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து குமிழிகளை வேடிக்கை பார்ப்பாள். "அப்பா, வெந்துடுச்சா?" என்பாள். "இன்னும் உப்பே போடலை, அதுக்குள்ள என்ன அவசரம்" என்பான் அவன். தினமும் அதே கேள்வி, தினமும் அதே பதில், தினமும் அவள் புதிதாகச் சிரிப்பாள். அவள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. ஏழு வயது. காய்ச்சல் என்றார்கள். வலிப்பு வந்தது, நின்றது, மறுபடி வந்தது, பிறகு வரவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

வீட்டுக்குள்ளிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். போனான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

*

அந்தப் பேட்டரி வேன்காரருடையது. இரண்டு நாளில் தருவதாகச் சொல்லியிருந்தான். மூன்றாம் நாள் அவர் வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தார், தெருவே திரும்பிப் பார்க்கும்படி.

"என்ன அண்ணே, என் பேட்டரி பிழைச்சுதா?"

"இல்லை. ஒரு செல் போயிடுச்சு. இதை எடுத்துட்டுப் போங்க." அவன் வேறொன்றை, தான் தகடு மாற்றி ஈயம் ஊற்றிச் சரிசெய்து வைத்திருந்த நல்ல பேட்டரியை, தூக்கிக் கொடுத்தான்.

வேன்காரர் அதையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். "செத்ததை வாங்கிட்டு நல்லதைத் தர்றீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா? இல்லை, கடையை மூடிட்டுச் சாமியாராப் போறீங்களா?"

"போற அன்னைக்குச் சொல்லிட்டுப் போறேன்."

"சொல்லுங்க, வேன்லயே கொண்டுபோய் விடறேன்." சிரித்துக்கொண்டே போனார். போகும்போது கொட்டகையின் உள்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அண்ணே, உள்ளே நாத்தம் ஒரு மாதிரி இருக்கு. அளவுக்கு மீறி ஏத்தறீங்கபோல. ஜன்னலையாவது திறந்து வைங்க."

அவர் சொன்னது சரிதான். எவ்வளவு ஏற்றினாலும் நிரம்பாத பேட்டரிக்கு ஏற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீர் வற்றும், பெட்டி சூடேறி வயிறு உப்பும், கூரைக்குக் கீழே வாயு சேரும். ஒரு பொறி போதும். மற்றவர்களுக்கு இதை அவன்தான் சொல்லித் தந்திருக்கிறான். ஆனால் முனையிலிருந்து கிளிப்பைக் கழற்றக் கை போகவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றினான். தினமும் சாயங்காலம் குனிந்து காதைக் கொடுத்தான். கொதிப்புக்குள்ளிருந்து அது ஒவ்வொரு சொல்லாக வந்தது. ஒருநாள் "அப்பா". ஒருநாள் "குளிருது". சூட்டில் பெட்டி தொடமுடியாமல் கொதிக்கும்போது "குளிருது".

மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்கும் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பது ஒரு பயம். கேட்காமல் போனால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயம்.

ஆறாம் நாள் செல் சொன்னது: "பாப்பா எங்கே?"

"பாப்பா தூங்கறாம்மா" என்று பதில் சொல்லிவிட்டான். முதன்முதலாக, வாய்விட்டு.

*

பாப்பா என்பது சின்னவளை மூத்தவள் கூப்பிட்ட பெயர். மற்ற எல்லோருக்கும் அவள் வாயாடி. நான்கு வயது. பல் துலக்கும்போதும் பேசுவாள், தூக்கத்திலும் பேசுவாள், ஆள் இல்லாவிட்டால் செருப்போடு பேசுவாள். அவள் பேச்சு குறைந்துபோனதை முதலில் கவனித்தது மனைவிதான்.

"ஏங்க, இவ சீப்பைக் காட்டி, அது அதுங்கறா. சீப்புங்கற வார்த்தையே வரலை."

"விளையாடறா."

"நேத்து ஜன்னலுக்கும் இப்படித்தான். யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டு அழுதுட்டா."

குழந்தை சுவரோரம் படுத்திருந்தாள். கன்னம் தரையில் பதிந்திருந்தது. அந்தத் தரையில் படுப்பது இரண்டு பெண்களுக்குமே பிடிக்கும். கருப்பாக, வழவழப்பாக, கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும். பெரிய மனிதர் வீட்டுக் கல் தரை மாதிரி இருக்கிறதே என்று பார்த்தவர்கள் கேட்பார்கள். அவன் தன் கையால் போட்டது. பழைய பேட்டரிகளைப் பிளந்து தகடுகளை உருவிய பின், பெட்டியின் அடியில் விரல் கடைக் கனத்துக்குக் கரிய சேறு தங்கியிருக்கும். யாருக்கும் வேண்டாத சேறு. அதை உலர்த்திச் சலித்து, சிமெண்டோடு குழைத்து, பின்கட்டு அறை முழுக்கப் பூசியிருந்தான். எறும்புகூட வராது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். எறும்பு ஏன் வரவில்லை என்று யோசித்ததில்லை.

மூத்தவள் ஒருமுறை ஈர விரலால் அந்தத் தரையில் கோலம் மாதிரி ஏதோ கிறுக்கிவிட்டு விரலை வாயில் வைத்துச் சப்பினாள். "அப்பா, நம்ம வீட்டுத் தரை இனிக்குது." அதை அவன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அந்த வாரத்தில்தான் வீடு வீடாகக் குழந்தைகளுக்கு எடை பார்க்கிற நர்ஸ் வந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். வாயாடியைத் தராசில் நிறுத்தினார், கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தார், பெயர் கேட்டார். குழந்தை அவர் முகத்தையே பார்த்தாள். நர்ஸ் அவளுடைய கீழுதட்டைக் கட்டைவிரலால் மெல்ல விலக்கினார். பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் பென்சிலால் வரைந்ததுபோல ஒரு கோடு. நீலம் கலந்த சாம்பல் நிறம்.

நர்ஸ் உதட்டை விட்டுவிட்டார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். ஆணியில் தொங்கிய அவனுடைய வேலைச் சட்டையைப் பார்த்தார். ஆசிட் பட்ட சிறு ஓட்டைகள், மடிப்புகளில் சாம்பல் தூசி. கடைசியாகத் தரையைப் பார்த்தார்.

"இது என்ன தரை, அய்யா?"

அவன் வழக்கமான பெருமையோடு சொல்லத் தொடங்கினான். பாதி வாக்கியத்தில் நின்றான்.

"ஈயம்" என்றார் நர்ஸ். அவர் குரலை உயர்த்தவில்லை. "தூசியில இருக்கு, சட்டையில இருக்கு, இதுலயும் இருக்கு. பெரியவங்களையே படுத்தி எடுக்கும். குழந்தைங்க கையை வாயில வைக்கும். நேரா மூளைக்குப் போகும்." கொஞ்சம் நிறுத்தினார். "மூத்த பொண்ணுக்கு என்னன்னு சொன்னீங்க?"

"காய்ச்சல்" என்றாள் மனைவி. "வலிப்பு வந்துச்சு."

"ரத்தம் எடுத்து ஈயம் இருக்கான்னு பார்த்தாங்களா?"

"இல்லைங்க. எங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது."

நர்ஸ் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "இந்தக் குழந்தையை இங்க வெச்சிருக்காதீங்கம்மா. பெரிய ஆஸ்பத்திரி இருக்கற ஊர்ல யாராவது இருக்காங்களா?"

"என் அக்கா இருக்கா."

"உடனே போங்க. ரத்தம் பார்த்து மருந்து குடுப்பாங்க. இடம் மாறினா, போன பேச்சு திரும்பி வரலாம். எவ்வளவு வரும்னு என்னால சொல்ல முடியாது. இங்கேயே இருந்தா..." முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதில்லை, அந்த அறையில் இருந்த இரண்டு பேருக்கும் மீதி தெரியும்.

அவர் போன பிறகும் மனைவி அவனைத் திட்டவில்லை. அவன் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையைத் தரையிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு அறையின் நடுவில் நின்றாள். கை வலித்தபோது இடுப்பு மாற்றினாள். சாப்பிடும்போதும் இறக்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போனபோதும் இறக்கவில்லை. அன்று முழுக்க அந்தக் குழந்தையின் கால் அந்தத் தரையைத் தொடவில்லை.

அவன் கண்ணாடியில் தன் உதட்டை இழுத்துப் பார்த்தான். அதே கோடு. இன்னும் கருப்பாக.

*

"நாளைக்குக் காலையில அனுப்பி வெக்கறேன்" என்றான். காலை வந்ததும் "நாளைக்கு" என்றான். வாடிக்கையாளர்களின் பேட்டரிகள் இருக்கின்றன, திருப்பிக் கொடுத்துவிட்டுத் தானும் கூட வருவதாகச் சொன்னான். மனைவி இரண்டு பைகளைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டு, பக்கத்தில் பலகையைப் போட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, எல்லாருடையதும் குடுத்தாச்சு. ஒரே ஒரு பெட்டிதான் இருக்கு. நேத்துலேருந்து அதுகிட்டயே உட்கார்ந்திருக்கீங்க. அது யாரோடது?"

அவன் கொட்டகைக்குத் திரும்பிப் போனான்.

பலகை காலியாக இருந்தது. வேன்காரருடைய பெட்டி மட்டும் நடுவில், சிவப்பும் கருப்புமாக இரண்டு கிளிப்புகள் கவ்வியபடி. வயிறு உப்பியிருந்தது. ஒன்பது பேட்டரிகளின் சத்தம் இல்லாமல் போனதால் இப்போது ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கூடாது என்று தெரிந்தும் கேட்டான். பள்ளிக்கூடத்தில் யார் அடித்தார்கள் என்று சொன்னது. செருப்பு கடிக்கிறது என்றது. பதினொரு மாதமாக அவன் மறந்துவிட்டிருந்த சின்ன முணுமுணுப்பு, வாக்கியத்தின் கடைசியில் மட்டும் கொஞ்சம் இழுக்கிற அந்த இழுப்பு, எல்லாம் அப்படியே இருந்தது. இதை நிறுத்த வேண்டுமானால் சார்ஜரின் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான். ஒரு கால் சுற்று. ஒரு குழந்தையை இரண்டாம் தடவை தூக்கிக்கொண்டு போய்க் குழியில் வைத்துவிட்டு வருகிற வேலை.

"பாப்பாகூடப் பேசணும்" என்றது மூன்றாவது செல்.

"அப்புறம்மா."

"எப்பவும் அப்புறம்தான்."

அப்போதுதான் நான்காவது செல்லைக் கவனித்தான். நல்ல செல் அது. காலைவரை சீராகக் கொதித்துக்கொண்டிருந்தது. இப்போது அதில் குமிழி இல்லை. திரவம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது, யாரோ பேச வாயெடுப்பதுபோல.

அன்று மாலை மின்சாரம் போயிற்று. தெரு முழுக்க ஒரே நொடியில் ஓசை அடங்கியது. சார்ஜரின் உறுமல் இறங்கி, தேய்ந்து, நின்றது. இருட்டில் அவன் பெட்டியின்மேல் கையை வைத்தபடி நின்றான். குமிழிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை.

ஓடினான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் குழந்தை மடியில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, பேசறா. இப்போ சொன்னா, இறக்கி விடுன்னு."

"இறக்கி விடும்மா, கால் மரத்துப்போச்சு" என்றாள் வாயாடி. தடுமாறாமல், இரண்டு வாரத்துக்கு முன்பு பேசியதுபோல. அவனைப் பார்த்ததும், "அப்பா, சீப்பு எங்க? எனக்குச் சடை போடு" என்றாள். ஜன்னலைக் காட்டி ஜன்னல் என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள். தொலைந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள். மனைவி அவளைக் கட்டிக்கொண்டு தலையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் விரலால் குழந்தையின் தலைமுடியைக் கோதி, வராத சடையைப் போட முயன்றான். இருபது நிமிடம்.

மின்விசிறி சுற்றத் தொடங்கியது. விளக்கு வந்தது. சுவருக்கு அப்பால் சார்ஜர் உறுமியது.

குழந்தை விசிறியைப் பார்த்தாள். உதடுகள் குவிந்தன. காற்று மட்டும் வந்தது.

அவன் எழுந்து கொட்டகைக்குப் போனான். மெதுவாக. போகாமல் இருக்க முடியுமானால் இருந்திருப்பான். குனிந்தான்.

"இறக்கி விடும்மா" என்றது நான்காவது செல். "ஜன்னல். சீப்பு. இறக்கி விடு."

"பாப்பா வந்துட்டா" என்றது மூன்றாவது.

அவன் குமிழைத் திருப்பினான். பூஜ்யம். முள் சரிந்து படுத்தது. கையை எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, குமிழிகள் ஓயும்வரை அங்கேயே நின்றான். கடைசிக் குமிழி உடைய வெகுநேரம் ஆனது. அது என்ன சொன்னது என்பதை அவன் பிறகு எப்போதும் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

*

விடிகாலைப் பேருந்தில் இருவரையும் ஏற்றிவிட்டான். மனைவி ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தாள். மூன்று நாளுக்குப் பிறகு முதன்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களும் வந்திருக்கலாம்."

"தரையைப் பெயர்த்துட்டு வர்றேன். ரெண்டு நாள்."

"அந்தப் பெட்டியையும்."

"அதையும்தான்."

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் அவள் பாதத்தைத் தொட்டுவிட்டு இறங்கினான்.

வீட்டுக்கு வந்து, நர்ஸ் சொன்னபடி தூசி கிளம்பாமலிருக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கடப்பாரையால் தரையைப் பெயர்த்தான். ஈரத்தில் அது இன்னும் பளபளத்தது. மதியத்துக்குள் பாதி அறை முடிந்தது. சுவரோரம், இரண்டு பெண்களும் கன்னம் வைத்துப் படுக்கிற இடம் மட்டும் மற்ற இடத்தைவிட லேசாகக் குழிந்து வழவழவென்றிருந்தது. அங்கே கடப்பாரையை இறக்க முடியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு இறக்கினான்.

சாயங்காலம் சம்மட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். ஆசிட்டைக் கொட்டிக் கவிழ்த்து, பெட்டியைப் பிளந்து, தகடுகளை உருவி எடுத்துவிட வேண்டும். ஆயிரம் முறை செய்த வேலை. சம்மட்டியை ஓங்கினான். இறக்கி வைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓங்கினான்.

இருபது வருடத்தில் அந்தக் கொட்டகை இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. பெட்டி ஆறியிருந்தது. மூடியில்லாத துளைகள் ஆறும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்றாவது துளைக்குள் எட்டிப் பார்த்தான். கருப்பு. அவனுடைய முகம்கூடத் தெரியவில்லை.

போன் அடித்தது.

"ஏங்க." மனைவியின் குரல் மூச்சு வாங்கியது, பின்னால் அக்கா வீட்டின் சத்தங்கள். "பேச ஆரம்பிச்சுட்டா. பஸ்ஸுல பாதி வழியில ஆரம்பிச்சது, வாயே மூடலை. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்திருக்காங்க, நாளைக்கு மறுபடி போகணும். இந்தாங்க, அவகிட்டயே பேசுங்க."

போனை யாரோ மாற்றிக்கொள்ளும் உரசல். பிறகு காதுக்கு மிக அருகில் ஒரு மூச்சு.

"அப்பா, நான் ஊசி போட்டுக்கிட்டேன். அழவே இல்லை. கொஞ்சம்தான் அழுதேன்."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "அப்படியா? யாரு ஊசி போட்டாங்க?"

"ஒரு டாக்டர். அவருக்கு மூக்குல முடி இருக்கு." அவள் சொல்லிக்கொண்டே போனாள். பெரியம்மா வீட்டுப் படிக்கட்டு எத்தனை என்று எண்ணிச் சொன்னாள். பதினேழு. பதினைந்துக்குப் பிறகு இருபது என்று சொல்லி, தானே திருத்திக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக, முழுசாக வந்தது. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அவளால் விடியும்வரை பேச முடியும்.

"அப்பா."

"சொல்லும்மா."

"அக்கா அங்க இருக்காளா?"

அவன் பெட்டியைப் பார்த்தான்.

"நேத்து என்னைக் கூப்பிட்டா. நான் போனேன். அப்புறம் அம்மா என்னைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. அவ தனியா இருப்பா அப்பா."

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவன் எழுந்தான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. குழந்தை இப்போது எவ்வளவோ தூரத்தில் இருக்கிறாள். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது. நர்ஸ் சொன்னது தூசி, தரை, சட்டை. சார்ஜர் கம்பி பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே ஒரு நிமிடம். ஒருத்தி பேசுவதை இன்னொருத்தி கேட்டால் போதும். பிறகு உடைத்துவிடலாம். சத்தியமாக உடைத்துவிடலாம்.

போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டான். கிளிப்புகளை மாட்டினான். சிவப்பு. கருப்பு. குமிழில் கை வைத்தான்.

"அப்பா, பஸ்ஸுல ஒரு பெரியவர் இருந்தாரு. அவருக்குப் பல்லே இல்லை. என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. சிரிச்சப்போ அவரு வாய்க்குள்ள..."

ஒரு புள்ளி. ஒரே ஒரு புள்ளி. முள் மெல்ல அசைந்தது.

போனில் பேச்சு நின்றது.

"...இருட்டா இருந்துச்சு" என்றது நான்காவது செல். "குகை மாதிரி."

மூன்றாவது செல் சிரித்தது.

போனில் மூச்சு இல்லை. பிறகு மனைவியின் குரல், தூரத்திலிருந்து பக்கத்தில் வந்தபடி. "வாயாடி? வாயாடி, இங்க பாரு. அக்கா, இவளைப் பிடி. ஏங்க, கண்ணு மேல போகுதுங்க. கை இழுக்குது. மூத்தவளுக்கு வந்த மாதிரியே..."

குமிழைத் திருப்பினான். பூஜ்யம். முள் படுத்தது.

பிளக்கைப் பிடுங்கினான். சிவப்பைக் கழற்றினான். கருப்பைக் கழற்றினான்.

பெட்டி, எதிலும் ஒட்டாமல், பலகை நடுவில் தனியாக இருந்தது. இரண்டு துளைகளில் கொதித்துக்கொண்டிருந்தது. சீராக. நல்ல செல்கள் கொதிப்பதுபோல.

போனில் மனைவி குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வாயாடி என்றில்லை, பாப்பா என்றில்லை. வீட்டில் யாரும் அதுவரை கூப்பிடாத, பிறந்தபோது வைத்த முழுப் பெயர்.

"அப்புறம்?" என்றது மூன்றாவது செல்.

"அப்புறம்" என்று நான்காவது செல் ஆர்வமாகத் தொடங்கியது.